எழுபத்தொன்று காட்டிய மீற்றர்

போன கிழமை ஒருநாள் பின்னேரம் நாலரை மணியிருக்கும். இரண்டாவது உளுந்து வடையைக் கையில் எடுத்தேன், தொலைபேசி அடித்தது. டொரன்டோவில் இருந்து மகள். அங்கே அப்போதுதான் விடிந்து ஏழு மணி. சுகம் கேட்கவில்லை, ஊரில் மழையா என்று கேட்கவில்லை.

"அப்பா, உங்கட சீனி ஏறிக்கொண்டு போகுது. என்ன சாப்பிடுறியள்?"

என் இடது மேற்கையில் சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு வில்லை ஒட்டியிருக்கிறது. அவள் அனுப்பியதுதான். அதிலிருந்து மயிரிழை போல ஒன்று தோலுக்குள் போகிறது. சில நிமிடத்துக்கு ஒருமுறை என் சீனியின் அளவை என் போனுக்கும் சொல்கிறது, கடல் தாண்டி அவளுடைய போனுக்கும் சொல்கிறது. முப்பத்துமூன்று வருடம் ஊராருடைய சீனியை நான் பார்த்தேன். இப்போது என் சீனியைக் கனடா பார்க்கிறது. வடையைத் தட்டில் வைத்துவிட்டு, "ஒண்டுமில்லைப் பிள்ளை, வெறும் தேத்தண்ணி" என்று பொய் சொன்னேன். அவள் நம்பவில்லை.

இதை நான் சிரித்துச் சிரித்துச் சொன்னது பிரதீபனுக்கு. நான் ஓய்வு பெற்ற ஆய்வுகூடத்துக்கு இப்போது அவர்தான் பொறுப்பு. "அண்ணை, முதல் சீனி மீற்றர் வந்த காலத்தைப் பற்றி எங்கட ஆண்டு மலருக்கு எழுதித் தாங்கோ. ரெண்டு பக்கம் காணும்" என்றார். இரண்டு பக்கத்துக்குள் எனக்குத் தும்மவே ஏலாது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டு கேட்டவர் படும் பாட்டுக்கு நான் பொறுப்பில்லை.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அப்பாவுக்குச் சீனன்குடா எண்ணெய்க் குதத்தில் வேலை. மகன் எண்ணெய் மணக்காத வேலைக்குப் போகவேண்டும் என்று ஆசைப்பட்டார். கொழும்பில் இரண்டு வருடம் படித்து, சலமும் சளியும் மணக்கும் வேலையோடு திருகோணமலைக்குத் திரும்பி வந்தேன். அம்மா ஒரு மாதம் என் சட்டையைத் தனியாகத்தான் தோய்த்தா.

அந்த நாளில் சீனி பார்ப்பது சலத்தில், அதாவது சிறுநீரில்தான். சலத்தில் நீலக் கரைசலை விட்டுச் சூடாக்கினால் பச்சையாகும், மஞ்சளாகும், முற்றினால் செங்கல் நிறமாகும். நிறத்தைப் பார்த்து ஒரு சக, இரண்டு சக என்று கூட்டல் குறி போட்டு எழுதிக் கொடுப்போம். பிறகு இரத்தத்தில் பார்க்கும் முறை வந்தது. அதற்கு மேசை நிறையச் சாமான் வேண்டும். முப்பத்தேழு பாகையில் வெந்நீர்த் தொட்டி, நிறத்தை அளக்கும் நிறமானி, குளிர்ப்பெட்டியில் வைத்த மருந்து. எல்லாவற்றுக்கும் கரண்ட் வேண்டும். யுத்த காலத்தில் எங்களுக்குக் கிடைக்காத சாமானே அதுதான். சில நாள் முழுக்க இருக்கும், சில கிழமை முழுக்க இராது. ஜெனரேற்றருக்கு டீசல் வந்தால் அது சத்திரசிகிச்சைக் கூடத்துக்கு மட்டும். நாங்கள் குளிர்ப்பெட்டியைத் திறக்காமல் காவல் இருப்போம்.

எங்கள் பொறுப்பாளர் மிஸ் ஜெசிந்தா. நகரத்துக் கத்தோலிக்கக் குடும்பம். என் வயதுதான். இருவரும் கொழும்பில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். பதவி உயர்வுப் பரீட்சையில் அவர் முதல் தடவையே சித்தி. நான் இரண்டு தடவை சறுக்கினேன். ஆகவே ஒரு திங்கட்கிழமை காலை என் வகுப்புக்காரி எனக்கு மேலதிகாரியாக வந்து இறங்கினார். அந்த எரிச்சலில் நான் ஒரு வருடம் அவரோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அன்று அதை ரோசம் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. உயரமான ஸ்டூலில் அமர்ந்து, கால்களை அதன் குறுக்குக் கட்டையில் வைத்துக்கொண்டு, பென்சிலைப் பழைய சத்திரக் கத்தி அலகால் சீவிக்கொண்டே கேள்வி கேட்பார். எந்த முடிவை நீட்டினாலும் மூன்று கேள்வி. "ஆற்ற ரத்தம்? எப்ப எடுத்தது? ஆர் பாத்தது?" கட்டில் நம்பர் சொன்னால் ஏற்கமாட்டார், பெயர் சொல்ல வேண்டும். ஒருமுறை நான் கடுப்பில் "பன்னிரண்டாம் கட்டில்" என்றேன். "கட்டிலுக்கு ரத்தம் ஓடாது, மிஸ்டர் குணம். போய்ப் பேரைக் கேட்டுக்கொண்டு வாங்கோ" என்றார். போனேன். வாட்டுக்கும் லாப்புக்கும் இடையில் நூறு யார் தூரம். வெயில் வேறு.

இன்னொரு பழக்கம், மருந்துப் பெட்டிக்குள்ளும் சாமான் பெட்டிக்குள்ளும் மடித்து வரும் விளக்கக் கடதாசிகளை அவர் ஒன்றும் விடாமல் வாசிப்பார். எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்து. பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு வாசிப்பார்.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் ஒரு வெளிநாட்டு மருத்துவ உதவிக் குழு இரண்டு குளுக்கோஸ் மீற்றர்களையும் சில பெட்டி ஸ்ட்ரிப்புகளையும் எங்களிடம் விட்டுப் போனது. எனக்கு அதைக் கண்ட முதல் நாளே காதல். உள்ளங்கைக்குள் அடங்கும் சாமான். உள்ளே ஒரு சின்னப் பற்றரி. ஸ்ட்ரிப்பைச் செருகி, விரலில் குத்தி, ஒரு துளியைக் காட்டினால் தானே உறிஞ்சிக்கொள்ளும். வெந்நீர்த் தொட்டி இல்லை, நிறம் இல்லை, கரண்ட் இல்லை. முப்பதிலிருந்து கீழே எண்ணி, ஒரு கீச்சுச் சத்தம் போட்டு, அளவைக் காட்டும்.

அது எப்படி வேலை செய்கிறது என்று எனக்கு விளங்கிய நாளில் நித்திரை வரவில்லை. பழுதான பாணில் பூக்கிறதே கறுப்புப் பூஞ்சணம், அதன் இனத்திலிருந்து எடுக்கும் ஒரு நொதியம் அந்த ஸ்ட்ரிப்பில் காய்ந்து படிந்திருக்கிறது. ஆயிரம் பொருள் கலந்த இரத்தத்தில் அது குளுக்கோசை மட்டும் பிடிக்கும், வேறெதையும் ஏறெடுத்தும் பாராது. பிடித்து அதன் இலத்திரன்களைக் கழற்றி எடுக்கும். ஆனால் நொதியம் பருத்த சாமான். இலத்திரன் அதன் வயிற்றுக்குள் இருக்கிறது, மின்வாயை எட்ட ஏலாது. அதற்காக இடையில் ஒரு சின்ன இரசாயனத்தை வைத்திருக்கிறார்கள். அது மூதூருக்கும் திருகோணமலைக்கும் ஓடும் லோஞ்ச் படகு மாதிரி. நொதியத்திடம் ஏற்றி மின்வாயில் இறக்கும், திரும்பிப் போய் மறுபடி ஏற்றும். இறங்குகிற இலத்திரனை மீற்றர் மின்னோட்டமாக அளக்கிறது. ஓட்டம் கூடினால் சீனி கூட. அவ்வளவுதான். எங்கள் மேசை முறையிலும் அதே நொதியம்தான், அங்கே நிறமாகச் சொன்னதை இங்கே மின்னாகச் சொல்கிறது. இதை யோசித்துப் பிடித்த மனிசனின் காலில் விழலாம் என்று எனக்குத் தோன்றியது. இன்றைக்கும் தோன்றுகிறது.

அந்த மீற்றரால் நான் ஒருமுறை சாகப் பார்த்த கதையும் உண்டு. இறக்கக்கண்டியில் ஒரு நடமாடும் சிகிச்சை முகாமுக்கு மீற்றரோடு போய்க்கொண்டிருந்தேன். பற்றரி என்றால் அந்த நாளில் சோதனைச்சாவடியில் கண்ணை உருட்டிப் பார்க்கும் சாமான். அனுமதிக் கடிதம் கையில் இருந்தது. ஆனால் காவலில் நின்ற இளம் சிப்பாய்க்குக் கடிதத்தைவிட மீற்றரில்தான் சந்தேகம். அது என்ன செய்யும் என்று சிங்களத்தில் கேட்டார். என் சிங்களம் அரைகுறை. "லே… சீனி" என்றேன். லே என்றால் இரத்தம், சீனி இரண்டு மொழியிலும் சீனி. அவருக்கு விளங்கவில்லை. சரி, செய்தே காட்டுவோம் என்று என் விரலில் குத்தித் துளியை ஸ்ட்ரிப்பில் காட்டினேன். அறிவு கெட்ட வேலை. மீற்றர் எண்ணத் தொடங்கியது: முப்பது, இருபத்தொன்பது, இருபத்தெட்டு…

சிப்பாய் எண்கள் இறங்குவதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அடுத்த கணம் மண்மூட்டைக்கு மேலே அவரும் தெரியவில்லை, காவலில் நின்ற மற்ற மூவரும் தெரியவில்லை. துவக்கின் வாய்கள் மட்டும் தெரிந்தன. எனக்கு மீற்றரைக் கீழே போடவும் பயம், வைத்திருக்கவும் பயம். கையைத் தூக்கிக்கொண்டு, தெரிந்த தெய்வம் எல்லாவற்றையும் கூப்பிட்டேன். பூச்சியம் வந்தது. கீச் என்றது. நூற்றெட்டு. அரை நிமிடத்துக்குப் பிறகு மண்மூட்டைக்கு மேலே ஒரு தொப்பி எழும்பியது. பிறகு நால்வரும் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! அந்த இளம் சிப்பாய் கடைசியில் தன் விரலையும் நீட்டினார். தாய்க்குச் சீனி வருத்தமாம்.

திரும்பி வந்து மிஸ்ஸிடம் சொன்னேன். வாயைக் கையால் பொத்திக்கொண்டு கண்ணீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, "ரெண்டு ஸ்ட்ரிப் செலவோ?" என்று கேட்டார்.

மிஸ்ஸுக்கு மீற்றரில் மரியாதை இருந்தது. என்னைப் போல மயக்கம் இருக்கவில்லை. கரண்ட் உள்ள நாள்களில், மீற்றரில் பார்த்த அதே ஆளின் இரத்தத்தை மேசை முறையிலும் பார்க்கச் சொல்வார். இரண்டு எண்ணையும் ஒரு கொப்பியில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுவார். மூன்றாவது நிரலில் அந்த ஆளின் இரத்தத்தில் நூறு பங்குக்குச் சிவப்பணுவான செங்குழியம் எத்தனை பங்கு என்றும் எழுதுவார். ஏன் அது என்று நான் கேட்டேன். "இந்த மெஷின் பாக்கிறது முழு ரத்தத்தை. மேசையில நாங்கள் பாக்கிறது தெளிஞ்ச நீரை. நடுவில என்ன நடக்குது எண்டு பாப்பம்" என்றார். எனக்கு வேலை இரட்டிப்பாகிறதே என்ற கடுப்பு. அந்தக் கொப்பிக்குப் 'பொருத்தக் கொப்பி' என்று பெயர் வைத்தேன். "மிஸ் இண்டைக்கும் மீற்றருக்கும் மேசைக்கும் பொருத்தம் பாக்கிறா" என்று தேத்தண்ணி நேரத்தில் சொல்லிச் சிரிப்போம். மிஸ் கலியாணம் கட்டாதவர். அந்தப் பகிடியில் முள் இருந்தது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். அவர் ஒரு நாளும் அதற்கு ஒரு சொல் சொன்னதில்லை.

இன்று எங்கள் லாப்பில் மீற்றருக்கு எழுதி வரும் துண்டில், இரத்தச்சோகை உண்டா இல்லையா என்று ஒரு வரி இருக்கிறது. புதிதாக வருகிற பிள்ளைகள் அதைப் பார்த்து முகம் சுளிக்கிறார்கள். அந்த வரி வந்த கதையைத்தான் நான் சொல்ல வந்தேன். இவ்வளவு சுற்றி வந்ததற்கு மன்னிக்கவேண்டும்.

அது மலேரியா வாட்டி எடுத்த வருடம். வாட்டில் கட்டிலுக்கு இருவர், நிலத்தில் பாய். முதல் நாள் எங்கேயோ மின்மாற்றி போய், பட்டணம் முழுக்கக் கரண்ட் இல்லை. காலை லோஞ்சில் மூதூரில் இருந்து ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். பெயர் சிவமலர். ஊர் கிளிவெட்டி. இருபத்திரண்டு வயது, ஏழு மாதக் கர்ப்பிணி. ஐந்து நாள் காய்ச்சல். முந்தின நாளே மூதூரில் மலேரியாவுக்குக் குயினைன் ஏற்றத் தொடங்கியிருந்தார்கள். கூட வந்தது அவளுடைய அக்கா தவமணி. ஒல்லியான மனுசி, ஆனால் வாய் ஓயாது. புருசன் வயல் விட்டு ஓடிவந்தும் லோஞ்சில் இடம் கிடைக்காமல் அக்கரையில் நின்றுவிட்டானாம்.

பத்து மணிக்கு நான் போய் மலேரியா பார்க்க இரத்தம் எடுத்தேன். அப்போது சிவமலர் கண் திறந்திருந்தாள். "நோகுமோ?" என்று கேட்டாள். "நுளம்பு கடிச்சதை விட நோகாது" என்றேன். கண்ணாடித் துண்டில் துளியை விட்டு, மற்றத் துண்டால் இழுத்தேன். வழமையாக இரத்தம் தடித்துத் தொடங்கி மெல்லிதாக முடியும். இது அப்படி நிற்கவில்லை. தண்ணீர் போல ஓடி விளிம்பால் வழிந்தது. சனியன் என்று திட்டிக்கொண்டு இன்னொரு துண்டில் செய்தேன். நுணுக்குக்காட்டியை யன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தால், வெளிறிய செங்குழியங்கள், அதுவும் அங்கொன்று இங்கொன்று. இருந்தவற்றுக்குள்ளும் கிருமி மோதிரம் மோதிரமாக இருந்தது. 'மலேரியா, மிகக் கடுமை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பன்னிரண்டு மணிக்கு வாட்டில் இருந்து ஆள் வந்தது. சிவமலர் மயங்கிவிட்டாள், கூப்பிட்டால் பேச்சில்லை, சீனி பார்க்க வேண்டுமாம். மேசை முறை செத்துக் கிடந்தது. இதுதானே என் மீற்றரின் நேரம்! ராசா மாதிரி எடுத்துக்கொண்டு போனேன். விரலைக் கழுவித் துடைத்துக் குத்தினேன். முப்பது எண்ணியது. எழுபத்தொன்று.

கட்டிலடியில் டொக்டர் நிஸ்தார் நின்றார். கிண்ணியாக்காரர், இளம் வயது, இரண்டு நாள் நித்திரை இல்லாத முகம். குயினைன் சீனியை இறக்கும், கர்ப்பிணிகளுக்கு இன்னும் கூட இறக்கும். அதனால் அவர் பயந்திருந்தது சீனிக்குத்தான். எண்ணைக் கேட்டதும் பெருமூச்சு விட்டார். "எழுபத்தொண்டெண்டா சீனியில பிழையில்லை. அப்ப மலேரியா மூளைக்கு ஏறிட்டுது. இஞ்ச வைச்சிருக்க ஏலாது. கண்டிக்கு அனுப்புவம்" என்றார். ஐம்பது வீதக் குளுக்கோஸ் ஊசி வாட்டில் மூன்றே மூன்று குப்பி மிச்சம். அறுபதுக்குக் கீழே இறங்கியவருக்கு மட்டும் என்று கட்டளை. ஏறிக்கொண்டிருந்த சேலைனிலும் சீனி இல்லை. ஒரு மணிக்கு அம்புலன்ஸ் புறப்படவேண்டும், பிந்தினால் பாதை பூட்டிவிடும். சாவடிக்குச் சாவடி இறங்கி ஏறி, கண்டிக்கு ஆறேழு மணித்தியாலம்.

தவமணி என் கையைப் பிடித்தாள். "ஐயா, லோஞ்சில என்னோட கதைச்சுக்கொண்டு வந்தவள். இவ்வளவு தூரம் தாங்குவாளோ?"

"சீனி நல்லா இருக்கு, அக்கா. பயப்பிடாதேங்கோ" என்றேன். அதை இப்போது எழுதும்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது.

லாப்புக்குத் திரும்பி, மிஸ்ஸின் முன்னால் மீற்றரை ஆட்டினேன். "கரண்ட் இல்லாட்டி என்ன மிஸ், எங்கட ஆள் நிண்டு பிடிச்சிட்டார். எழுபத்தொண்டு!"

பென்சில் சீவுவது நிற்கவில்லை. "ஆற்ற ரத்தம்?"

"சிவமலர். காலமை வந்த கிளிவெட்டிப் பிள்ளை."

"எப்ப எடுத்தது?"

"இப்பதான், பத்து நிமிசமில்லை."

"அவவின்ர மலேரியாச் சிலைட் ஆர் பாத்தது?"

"நான்தான்."

"ரத்தம் எப்பிடி இருந்தது?"

"அதை ஏன் கேக்கிறியள், தண்ணி மாதிரி…"

சொல்லிக்கொண்டிருக்கும்போதே, காலையில் கண்ணாடித் துண்டின் விளிம்பால் வழிந்தது நினைவுக்கு வந்து நிறுத்தினேன். பென்சிலும் நின்றது. மிஸ் இறங்கி வந்து பொருத்தக் கொப்பியை விரித்தார். மூன்றாவது நிரலில் விரலை வைத்துக் கீழே இழுத்தார். செங்குழியம் நாற்பது உள்ள இடமெல்லாம் மீற்றரும் மேசையும் சோடி. பத்தொன்பது உள்ள இடத்தில் மீற்றர் நூற்றிருபத்தெட்டு, மேசை தொண்ணூற்றாறு. பதினேழு உள்ள இடத்தில் மீற்றர் தொண்ணூறு, மேசை அறுபத்தாறு. செங்குழியம் குறையக் குறைய மீற்றர் கூட்டிக் கூட்டிச் சொல்லியிருந்தது.

விசயம் இதுதான். ஸ்ட்ரிப்பில் விழுந்த துளிக்குள் செங்குழியங்கள் சனம் மாதிரி நெருக்கிக்கொண்டு நிற்கும். குளுக்கோசும் அந்தச் சின்ன லோஞ்ச்களும் அந்த நெருக்கத்துக்குள்ளால்தான் போய்வர வேண்டும். சாதாரண இரத்தத்தின் நெருக்கத்துக்குக் கணக்குப் பார்த்துத்தான் மீற்றரைச் செய்திருக்கிறார்கள். சனமே இல்லாத இரத்தத்தில் எல்லாம் விறுவிறு என்று ஓடும், ஓட்டம் கூடும், மீற்றர் ஏமாறும். பெட்டிக் கடதாசியில், செங்குழியம் முப்பதுக்குக் குறைந்தால் இந்த அளவை நம்பாதே என்று அச்சடித்தே இருந்தது. மிஸ் ஒரு கடதாசியை எடுத்து வைத்திருந்தார். என் கையில் பட்ட மற்றதெல்லாவற்றையும் நான் கண்ணாடித் துண்டு சுற்றப் பாவித்து முடித்துவிட்டேன். மெல்லிய கடதாசி, சுற்ற நல்லது. கட்டிலடியில் பார்க்கும் சாமானுக்கும் நுணுக்குக்காட்டியில் பார்க்கும் சாமானுக்கும் சம்பந்தமில்லை என்பது எங்கள் லாப்பில் பழகிப்போன எண்ணம். இரண்டிலும் கையெழுத்து என்னுடையது. இரண்டும் ஒரே இரத்தம்.

"ஓடிப்போய் டொக்டரிட்டச் சொல்லுறன்" என்று திரும்பினேன்.

"நில்லுங்கோ. என்னத்தைச் சொல்லப் போறியள்?"

"எழுபத்தொண்டு பிழை எண்டு."

"அப்ப சரியானது என்ன எண்டு கேப்பார். மூண்டு குப்பியில ஒண்டை உடைக்க அவருக்கு எண் வேணும். எண்ணோட போவம்." கொப்பியை மூடினார். பிறகு, இன்றைக்கும் என் காதில் இருக்கும் அந்த வசனத்தைச் சொன்னார். "ரத்தம் தண்ணியாப் போச்சு, அதுதானே வில்லங்கம்? அப்ப அந்தத் தண்ணியை எடுத்துப்போட்டுப் பாப்பம்."

எனக்கு உடனே பிடிபடவில்லை. அவர் அதற்குள் வாட்டுக்குப் போய், நாளத்தில் மூன்று மில்லிலீற்றருக்குக் கொஞ்சம் கூடவே எடுத்து, உறையாத குப்பியில் விட்டுக்கொண்டு வந்துவிட்டார். அந்த நூறு யாரை மிஸ் ஓடி நான் கண்டது அன்றுதான். அலுமாரிக்கு மேலே கையால் சுற்றும் பழைய மையநீக்கி ஒன்று தூசு பிடித்துக் கிடந்தது. அதை மேசை விளிம்பில் பூட்டி, ஒரு பக்கம் இரத்தக் குழாய், மறு பக்கம் பாரம் சமனாகத் தண்ணீர்க் குழாய் வைத்தோம். "ஐஞ்சு நிமிசம். வேகம் குறையக் கூடாது" என்றார். சுற்றினேன். கைபிடி ஆணி தளர்ந்து, சுற்றுக்கு ஒருதரம் என் பெருவிரலைக் கடித்தது. இரண்டாவது நிமிடத்தில் தோள்மூட்டு கழன்றுவிடும் போல இருந்தது. நாலாவது நிமிடத்தில் வெளியே அம்புலன்ஸ் வந்து நின்று, கதவு திறக்கும் சத்தம் கேட்டது. "வெளியில பாக்காதேங்கோ, சுத்துங்கோ" என்றார்.

குழாயை எடுத்து வெளிச்சத்துக்குப் பிடித்தோம். அடியில் ஒரு விரலகலம் சிவப்பு. மேலே முழுக்க வைக்கோல் நிறத் தெளிநீர். மூன்று மில்லியில் செங்குழியம் அரை மில்லிதான். கர்த்தரே, என்றார் மிஸ். இந்தப் பிள்ளை இதோடுதான் லோஞ்ச் ஏறி வந்து என்னிடம் நோகுமோ என்று கேட்டது.

மிஸ் தெளிநீரில் ஒன்று தசம் எட்டு மில்லியை அளந்து உறிஞ்சி வேறாக வைத்தார். மிச்சம் ஒன்று தசம் இரண்டு. அதில் செங்குழியம் அரை. மெதுவாகப் பிரட்டிப் பிரட்டிக் கலந்தார். இப்போது அது நாற்பது பங்கு செங்குழியம் உள்ள இரத்தம், உங்கள் என் இரத்தம் மாதிரி. ஆனால் நீரில் கரைந்திருக்கும் சீனியின் அளவு மாறவில்லை, அது சிவமலருடையதுதான். சனத்தை மட்டும் நாங்கள் திருப்பி நெருக்கி விட்டிருக்கிறோம். அதில் ஒரு துளியை ஸ்ட்ரிப்பில் காட்டினார்.

அந்த முப்பது விநாடி, சோதனைச்சாவடியில் நின்ற முப்பது விநாடியைவிட நீளமாக இருந்தது.

நாற்பத்துநாலு.

"இன்னொண்டு" என்றார். இன்னொரு ஸ்ட்ரிப். நாற்பத்தாறு.

இருவரும் ஓடினோம். தூக்குப்படுக்கை அம்புலன்ஸுக்குள் பாதி ஏறிவிட்டது. தவமணி ஒரு பையோடு பக்கத்தில். டொக்டர் நிஸ்தாருக்குக் கோபம் வந்தது, நியாயம்தான். "அரை மணித்தியாலத்துக்கு முந்தி எழுபத்தொண்டு எண்டனீங்கள். இப்ப நாப்பத்துநாலு எண்டுறீங்கள். நான் எதை நம்ப?"

மிஸ் விளக்கம் ஒன்றும் சொல்லத் தொடங்கவில்லை. நாளத்தில் எடுத்ததில் மீதி இருந்ததை ஒரு மெல்லிய குழாயில் விட்டு, பாரத்துக்கு வைத்த தண்ணீர்க் குழாய்க்குள் செருகி அவர் சுற்ற வைத்திருந்தார், எனக்கே அது தெரியாது. அதைச் சூரியனுக்கு நேரே பிடித்தார். "சேர், இவவின்ர ரத்தம் இவ்வளவுதான். இதில மீற்றர் கூட்டிக் காட்டும். தண்ணியை எடுத்துப்போட்டு ரெண்டு தரம் பாத்தனாங்கள்."

அந்தப் பெடியனை நான் மெச்ச வேண்டும். குழாயைப் பார்த்தார், சிவமலரின் கண் இமையை இழுத்துப் பார்த்தார், மிஸ்ஸின் முகத்தைப் பார்த்தார். மூன்று விநாடி. "இறக்குங்கோ!" என்று கத்தினார். "பிப்டி பெர்சன்ட், கெதியா!"

அம்புலன்ஸ் படியிலேயே ஊசி ஏறியது. பிறகு வாட்டுக்குக் கொண்டுபோய், சேலைனை மாற்றி, பத்து வீதக் குளுக்கோஸ் எங்கேயோ தேடிப்பிடித்து ஏற்றினார்கள். இரத்தம் ஏற்ற ஒழுங்கு செய்தார்கள். நான் மூலையில் நின்றேன். எனக்கு வேலை எதுவும் இல்லை, போகவும் மனமில்லை. மருத்துவிச்சி ஊதுகுழல் போன்ற மரக்குழாயை வயிற்றில் வைத்து, காதைக் கொடுத்து, நெடுநேரம் குனிந்திருந்தார். நிமிர்ந்து, "பிள்ளைக்குத் துடிப்பிருக்கு" என்றார். தவமணி நிலத்தில் குந்திவிட்டாள்.

நான் மிஸ்ஸின் பக்கத்தில் போய், "என்னில பிழை, மிஸ். உங்கட கொப்பியை நான் பகிடி பண்ணினனான்" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"பிழை ஆரில எண்டு பிறகு பாப்பம். குயினைன் இன்னும் ஓடுது, சீனி திரும்பவும் இறங்கும். அரை மணித்தியாலத்தில அடுத்த ரத்தம். உங்கட தோள் தாங்குமோ?"

"தாங்கும்" என்றேன். நாலு தரம் சுற்றினேன். அறுபத்தெட்டு. எண்பத்தொன்று. திரும்ப அறுபத்திரண்டுக்கு இறங்கி, பிறகு தொண்ணூற்றிரண்டு. ஒவ்வொரு தரமும் இரண்டு ஸ்ட்ரிப். ஒவ்வொரு தரமும் மிஸ் பெயரைச் சொல்லி எழுதினார், சிவமலர், சிவமலர் என்று.

மூன்று மணி தாண்டியிருக்கும். ஐந்தாவது தரத்துக்கு இரத்தம் எடுக்க நான் போய் அவள் கையைப் பிடித்தேன். கை சூடாக இருந்தது. விரல்கள் என் விரலை மெல்லப் பிடித்தன. கண் திறந்தது. கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தாள். பிறகு தலையைத் திருப்பி, "அக்கா, பசிக்குது" என்றாள்.

நாங்கள் மீற்றர், மேசை, மையநீக்கி எல்லாம் வைத்துத் தேடிய சங்கதியை அந்தப் பிள்ளை ஒரு சொல்லில் சொல்லிவிட்டது. எனக்கு அழுகை வந்தது. மறைக்கவில்லை. திரும்பிப் பார்த்தேன், வாசலில் நின்ற மிஸ் வாயைக் கையால் பொத்திக்கொண்டிருந்தார். சிரிக்கும்போதுதான் அவர் அப்படிப் பொத்துவார் என்று நான் நினைத்திருந்தேன்.

தவமணி தங்கையின் முகமெல்லாம் தடவினாள். பிறகு எழும்பி வந்து, நான் தடுக்க முதல் என் இரண்டு கையையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றினாள். "நீங்கள் செய்த உதவிக்கு, ஐயா, நாங்கள் ஏழு தலைமுறைக்கும்…"

அதைத்தான் என்னால் தாங்க ஏலாமல் போனது. "வேண்டாம், அக்கா. உங்களுக்கு உண்மை தெரியாது. மத்தியானம் சீனி நல்லா இருக்கு எண்டு பிழையாச் சொன்னவன் நான்தான். என்ர சொல்லைக் கேட்டுத்தான் அவவை வண்டியில ஏத்தினவை. கண்டுபிடிச்சது அந்தா நிக்கிற மிஸ்."

தவமணி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். வாசலைப் பார்த்தாள். என் கையை விடவில்லை. பைக்குள் இருந்து மற்றக் கையால் ஒரு பித்தளைத் தம்ளரை எடுத்தாள்.

"அதெல்லாம் பிறகு கதைப்பம், ஐயா. இவளுக்குத் தேத்தண்ணி வாங்கப் போறன். சீனி எத்தினை கரண்டி போடட்டும்?"

நான் மிஸ்ஸைப் பார்த்தேன். மிஸ் என்னைப் பார்த்து, நீங்களே சொல்லுங்கோ என்று தலையசைத்தார்.

"மூண்டு" என்றேன்.